இரண்டாம் கியரில் ஒன்பது மைல்

கன்னங்குடா
14.03.1993

அசனார் காக்காவுக்கு,

மங்கையற்கரசி எழுதுகிறேன். கையெழுத்தைக் கண்டதும் கிழித்துப் போடாமல் கடைசிவரை வாசியுங்கள். கைறுன்னிஸா மச்சி இறந்த செய்தி கேட்டு நான் எழுதிய கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. அதைப் பற்றி நான் பேச வரவில்லை. இதற்குப் பதில் வேண்டும்.

மகள் கண்ணகை பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கிறாள். நீங்கள் பார்த்தபோது பள்ளிக்கூடப் பிள்ளை. ஆடி நடுவில், யூலை பதினைந்தளவில் நாள் என்று மருத்துவிச்சி ஆச்சிப்பிள்ளை சொல்கிறாள். மருமகன் வாழைச்சேனைக்குத் தொழிலுக்குப் போன இடத்தில் பிடிபட்டு இப்போது தடுப்புக் காவலில். வீட்டில் நானும் அவளும்தான். இவளுக்குக் கால் வீங்குகிறது, தலை சுற்றுகிறது. பிள்ளை பெறுவது ஆஸ்பத்திரியில்தான் என்று ஆச்சிப்பிள்ளை கையை விரித்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற பாலம் இங்கிருந்து ஒன்பது மைல். தை மாதம் ஒருத்தியை வண்டிலில் ஏற்றிப் போனார்கள். பாதி வழியில் முடிந்துவிட்டது. ட்ராக்டர் பாலப் பக்கம் போனால் ஹெலி வந்து சுடுகிறது. வெள்ளைத் துணி கட்டிய காரை மட்டும் விடுகிறார்கள். இந்த ஊரில் கார் என்று இருப்பது எங்கள் மொறிஸ் மைனர் ஒன்றுதான்.

அது அவர் போன நாளிலிருந்து கொட்டிலுக்குள் வைக்கோலுக்குக் கீழே கிடக்கிறது. அவர் வந்து எடுப்பார் என்று நான் யாரையும் தொட விடவில்லை. போன கிழமை வல்லிபுரம் தன் ட்ராக்டரின் பற்றறியைக் கழற்றிவந்து பூட்டினான். கொஞ்சம் பெற்றோல் ஊற்றி, பிறகு மண்ணெண்ணெய் விட்டு, இரண்டு நாள் ஹேண்டில் சுற்றியதில் எஞ்சின் பிடித்துவிட்டது. ஆனால் கியர் விழவில்லை. தடியைத் தள்ளினால் பல் நெரிகிற சத்தம். வல்லிபுரம் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, கிளச் மிதியில் இருந்து போகும் கம்பி தொங்குகிறது, நடுவில் இருக்கிற ஆணியைக் காணவில்லை என்றான். ஒரு இரும்பாணியை வளைத்துப் போட்டான். மிதி இப்போது பாரமாக இருக்கிறது. இருந்தும் கியர் விழவில்லை.

அந்தக் கிளச்சை நீங்கள்தான் பூட்டினீர்கள். வேறு யாரிடம் கேட்பது?

நல்லரத்தினம் மாஸ்டர் கிழமைக்கு இரண்டு தரம் பாலம் தாண்டி இங்கே படிப்பிக்க வருகிறார். அவர் கையில் பதில் கொடுங்கள். பாலத்தடி ஆமிக் காவல் சென்றியில் கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள்.

மங்கையற்கரசி


ஏறாவூர்
23.03.1993

மங்கையற்கரசி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்காக எழுதுகிறேன்.

எஞ்சின் ஓடும்போது பல் நெரிகிறது என்றால் கிளச் விடுபடவில்லை. மிதியை மிதித்தாலும் எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. காரணம் இரண்டு வகையாக இருக்கலாம். அதைப் பிறகு பார்ப்போம். முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கியர்த் தடியைத் தள்ளிப் பாருங்கள். நின்ற எஞ்சினில் நான்கு கியரும் விழுந்தால் பெட்டிக்குள் பிழை இல்லை. விழாவிட்டால் பெட்டிக்குள் துரு.

பிறகு பெட்டியின் அடியில் உள்ள திருகைக் கழற்றி ஒயிலை ஒரு சட்டியில் பிடியுங்கள். கறுப்பாக வந்தால் பயமில்லை. பால் விட்ட தேத்தண்ணி மாதிரி வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. எது என்று எழுதுங்கள்.

இன்னொன்று. அந்த ஆணியைக் காணவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது விழுகிற ஆணி இல்லை. அதன் வாலில் ஒரு கம்பியைச் செருகி இரண்டு காலையும் என் கையால் மடக்கிவிட்டேன். 1990 ஆவணி பிறந்து ஒரு கிழமைக்குள். மறக்க மாட்டேன். அதன் பிறகு பதினைந்து நாளில்தான் எங்களை, முஸ்லிம் ஆக்களை, ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். விடிய ஆறு மணிக்குக் காரோடு வந்து என்னையும் என் பெண்சாதியையும் பாலத்தில் விடுவதாக உங்கள் புருஷன் இளையதம்பி சத்தியம் பண்ணினான். ஏழரைக்குச் சைக்கிளில் வந்து, "கிளச் போயித்து மச்சான்" என்றான். பதினைந்து நாள் ஓடிய புதுக் கிளச். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

கைறுன்னிஸாவைத் தோணியில் கிடத்திக்கொண்டு வந்தேன். ஏறாவூர்க் கரை காண முன்னம் மவுத்தானா.

அந்த ஆணி எங்கே போனது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அசனார்


கன்னங்குடா
02.04.1993

அசனார் காக்காவுக்கு,

பதில் போட்டதற்கு நன்றி. "அவர்களுக்கு" என்று எழுதியிருந்தீர்கள். சரி.

நீங்கள் சொன்னபடி எஞ்சினை நிறுத்திப் பார்த்தோம். முதலாவதும் இரண்டாவதும் விழுந்தன. மூன்றாவது இறுகிக் கிடந்து, வல்லிபுரம் தடியைப் பிடித்து ஆட்ட ஆட்ட விழுந்தது. நாலாவது விழவே இல்லை. அடித்திருகைக் கழற்றினபோது முதலில் வந்தது வெறும் தண்ணீர். ஒரு சிரட்டை நிறையத் தண்ணீர். அதற்குப் பின்னால்தான் நீங்கள் சொன்ன பால் தேத்தண்ணி. போன மார்கழி வெள்ளத்தில் கொட்டிலுக்குள் சில்லு மறையத் தண்ணீர் நின்றது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். காரைப் பற்றி நினைக்கவில்லை.

சட்டியின் அடியில் மினுக்கமாய் இரும்புத்தூள் கொஞ்சம் கிடந்தது. அது நல்லதா கெட்டதா?

ஆணியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மாட்டுக் கொட்டிலும் பக்கத்தில்தான். எலியோ என்னவோ. அவர் அன்று காலையில் காருக்குக் கீழே படுத்துப் பார்த்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. உங்களோடு வந்தவர் இடையில் திரும்பிவிட்டார் என்று நீங்கள் சொன்னதாகத்தான் கேள்வி. திரும்பினவர் வீட்டுக்கு வரவில்லை. எங்கோ ஒரு முகாமில் வைத்திருப்பார்கள் என்றுதான் இருக்கிறேன். பொட்டு வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆச்சிப்பிள்ளை நேற்று வந்து கண்ணகையின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். "புள்ள குறுக்கால கிடக்கு மங்கை. இத நான் தொட மாட்டன்" என்றாள். கண்ணகைக்குக் கேட்காமல் அடுப்படிக்கு வந்துதான் சொன்னாள். அவளுக்குக் கேட்டிருக்கும்.

மங்கையற்கரசி


ஏறாவூர்
12.04.1993

மங்கையற்கரசி,

தூள் கொஞ்சமாக இருந்தால் பயமில்லை. பல்லுத் துண்டு விழுந்திருந்தால்தான் பயம்.

இப்போது செய்ய வேண்டியது: அடித்திருகை மூடி, பெட்டிக்குள் மண்ணெண்ணெய் விடுங்கள். முன் இருக்கைக்கு முன்னால், தரைவிரிப்பைத் தூக்கினால் ஒரு றப்பர் மூடி இருக்கும். அதற்குள்ளால்தான் விட வேண்டும். பின்சில்லை ஜாக்கில் தூக்கி, கையால் ஒரு மணி நேரம் சுற்றுங்கள். அழுக்கை வடித்துவிட்டு மறுபடியும் செய்யுங்கள். வடிவது சுத்தமாக வரும்வரை செய்யுங்கள். பிறகு எஞ்சினுக்கு விடுகிற அதே ஒயில்தான் இந்தக் காரின் பெட்டிக்கும். ட்ராக்டரின் தடித்த கியர் ஒயிலை வல்லிபுரம் விடப் பார்ப்பான். விட வேண்டாம். நாலாவது கியர் அதற்குப் பிறகும் விழாவிட்டால் அதை மறந்துவிடுங்கள். ஒன்பது மைலுக்கு அது தேவையில்லை.

கிளச்: தட்டு துருப்பிடித்து எஞ்சின் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டது. வெள்ளம் நின்றது என்று எழுதியபோதே விளங்கிவிட்டது. மிதியை அடிவரை அமுக்கி, மிதிக்கும் இருக்கைக்கும் நடுவில் ஒரு தடியை முட்டுக்கொடுத்து மூன்று நாள் விடுங்கள். அப்படியே வைத்துக்கொண்டு, மூன்றாவது கியரில் போட்டு, ட்ராக்டரால் இழுத்து, சடாரென்று பிறேக் பிடிக்கச் சொல்லுங்கள். பத்துத் தரம், இருபது தரம். சில வேளை "டக்" என்று ஒரு சத்தத்தோடு விட்டுவிடும். விடாமலும் போகும்.

எலி இரும்பு தின்னாது.

நான் இருபத்தாறு வருடமாக வாகனம் பழுதுபார்க்கிறேன். ஒரு சாமானைக் கழற்றினவன் எப்படிக் கதைப்பான், தானாகக் கழன்றதைக் கண்டவன் எப்படிக் கதைப்பான் என்று எனக்குத் தெரியும். நீ பொய் எழுதுகிறாய். இளையதம்பி காரை ஓட்டப் பயந்து தானே கழற்றி எறிந்தானா? அதை மட்டும் சொல். ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் போதும். அவன் எப்படிப்பட்ட ஆளென்று எனக்கு முடிவாக வேண்டும்.

அசனார்


கன்னங்குடா
25.04.1993

அசனார் காக்காவுக்கு,

இதை நல்லரத்தினம் மாஸ்டர் பாடப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவருவார். வாசித்ததும் எரித்துவிடுங்கள்.

இல்லை. அவர் கழற்றவில்லை. நான் கழற்றினேன்.

அதற்கு முதல் நாள் பொழுதுபடும் நேரம் துவக்கோடு மூன்று பேர் வந்தார்கள். அவர் உங்கள் வீட்டில் மூட்டை கட்ட உதவிக்கொண்டிருந்தார். வந்தவர்களில் ஒருவன் காரின் மேலே கையை வைத்துக்கொண்டு, "விடிய இது எங்கயும் போகாதானே?" என்று கேட்டான். கண்ணகை உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "போனா, நாங்க திரும்பி வருவம்" என்றான். அவ்வளவுதான். சத்தம்கூடப் போடவில்லை.

அவரிடம் சொன்னேன். "அசனார் மச்சானுக்கு வாக்குக் குடுத்தித்தன்கா. அவங்கட கதைய விடு" என்றார். சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். எனக்குக் கண் மூடவில்லை. விடியற்புறம் அவர் கிணற்றடிக்குப் போனதும் நான் கொட்டிலுக்குப் போனேன். நீங்கள் கிளச் பூட்டினபோது நான்தான் விளக்குப் பிடித்தேன், ஞாபகமா? அந்த ஆணியைத் தட்டிக்காட்டி, "இது இல்லாட்டி இந்தக் காறு வெறும் தகரப் பெட்டி" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். குறட்டால் கம்பிக் காலை நிமிர்த்த எனக்கு ஐந்து நிமிடம் போகவில்லை. ஆணியைக் கிணற்றில் போட்டேன். குறடும் சாவியும் வைக்கிற ஆயுதப் பெட்டியை நெற்பட்டறைக்குள் நெல்லில் புதைத்தேன்.

அவர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழும்பி வந்தார். "ஆணி எங்க மங்கை?" என்றார். "எனக்குத் தெரியா" என்றேன். என் கையைப் பார்த்தார். கையில் கிறீஸ் இருந்தது. ஆணிக்குப் பதிலாகப் போட ஒரு மணி நேரம் இரும்புத்துண்டு தேடினார். கிடைக்கவில்லை. பிறகு சைக்கிளை எடுத்தார். படலையடியில் நின்று, "நான் ஆக்களோட நடந்தெண்டாலும் போறன்" என்றார். அதுதான் அவர் என்னோடு கதைத்த கடைசி.

உங்களிடம் "கிளச் போயித்து" என்று அவர் சொன்னது என்னைக் காட்டிக் கொடுக்காமல் இருக்கத்தான். உங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார் என்று நீங்கள் எழுதியபோது எனக்கு விளங்கியது. அவருக்குப் பொய் வராது.

கார் வந்திருந்தால் மச்சி உயிரோடு இருந்திருப்பா. அவரும் வீட்டில் இருந்திருப்பார். அல்லது அவர்கள் திரும்பி வந்து கண்ணகையைக் கொண்டுபோயிருப்பார்கள். இரண்டரை வருடமாக இதைத்தான் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை.

கியர்ப் பெட்டியை மூன்று தரம் கழுவிவிட்டோம். மிதிக்கு முட்டுக்கொடுத்திருக்கிறோம்.

மங்கையற்கரசி


கன்னங்குடா
06.06.1993

அசனார் காக்காவுக்கு,

ஆறு கிழமையாகப் பதில் இல்லை. வராதென்றுதான் நினைத்தேன்.

நீங்கள் சொன்னபடி ட்ராக்டரால் இழுத்துப் பார்த்தோம். நாற்பது தரத்துக்குக் குறையாது. இரண்டு கயிறு அறுந்தன. மூன்றாவது நாள் வல்லிபுரம் ஸ்ரியறிங்கில் தலையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டான். தட்டு விடவில்லை. கியர் மூன்றும் நன்றாக விழுகின்றன. எஞ்சின் நன்றாக ஓடுகிறது. கிளச் மட்டும் விடவில்லை. எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்கிறான். இறக்கினால் திரும்ப ஏற்ற இங்கே யாருக்கும் தெரியாது.

கண்ணகைக்கு முகமும் வீங்கிவிட்டது. நாள் ஒரு மாதம்தான் இருக்கிறது.

எனக்குப் பதில் போட வேண்டாம். அவளுக்குப் போடுங்கள்.

மங்கையற்கரசி


ஏறாவூர்
15.06.1993

எஞ்சினை இறக்க வேண்டாம்.

கிளச் இல்லாமல் ஓட்டலாம். நான் ஓட்டியிருக்கிறேன். கவனமாக வாசி. வல்லிபுரத்துக்கும் வாசித்துக் காட்டு.

எஞ்சின் நிற்கும்போதே இரண்டாம் கியரில் போட்டுவிடு. முன்னால் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. எஞ்சின் பிடித்த பிறகு கயிற்றைக் கழற்ற உன்னால் நிற்க முடியாது. வல்லிபுரம் ட்ராக்டரைப் பின்னால் கொண்டுவந்து, நடுவில் பழைய ரயர் ஒன்றை வைத்துத் தள்ளட்டும். சாவியைத் திருப்பி வைத்திரு. இருபது முப்பது யார் தூரம் தள்ளினதும் எஞ்சின் பிடிக்கும். அதிலிருந்து அது தானாக ஓடும். ட்ராக்டர் அங்கேயே நின்றுவிடட்டும்.

ஓட்டுவது நீ. வல்லிபுரம் ட்ராக்டரில் இருப்பான், வேறு ஆளில்லை. ஆண்பிள்ளை யாரும் சென்றிக்கு வரவும் கூடாது. இளையதம்பி வயல்வட்டை றோட்டில் உனக்கு ஸ்ரியறிங் பிடிக்கக் கொடுத்தது எனக்குத் தெரியும். கிளச் மிதியைத் தொடாதே. கியர்த் தடியைத் தொடாதே. ஒன்பது மைலும் இரண்டாம் கியர்தான். எஞ்சின் கத்தும். கத்தட்டும். பள்ளத்தில் காலை எடுத்துப் பையப் போ, நிற்காதே. வழியில் நின்றால் அந்த இடத்தில் முடிந்தது.

இப்போது சொல்வதுதான் முக்கியம். சென்றிக்கு முன்னால் நிற்காமல் வருகிற வாகனத்தைச் சுடுவார்கள். நீ பையச் செய்து நிற்பாட்ட முடியாது. அதனால் முந்நூறு யார் தூரத்துக்கு முன்னமே, பாலத்துக்கு முன்னால் இருக்கிற றோட்டு மதகு தெரிந்ததும், சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்து, பிறேக்கை அமுக்கு. கார் குலுங்கி நின்றுவிடும். பிறகு தடியை நடுவில் எடுத்துவிட்டு, கதவைத் திறந்துவிட்டு, வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு, கையால் தள்ளிக்கொண்டு வாருங்கள். ஆச்சிப்பிள்ளையைக் கூட்டிவா. இரண்டு பேர் தள்ளினால் நகரும், பாரமில்லாத கார்.

நோவு வரும்வரை பார்த்திருக்க வேண்டாம். ஆடி பிறக்க முதல் வந்துவிடு. ஆனி, யூன் மாதக் கடைசிக் கிழமை முழுக்க நான் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வான் வண்டியோடு நிற்பேன்.

நீ எழுதியதை வாசித்தேன்.

அசனார்


மட்டக்களப்பு ஆஸ்பத்திரி
17.07.1993

அசனார் காக்காவுக்கு,

நீங்கள் வார்டு வாசலில் பழமும் பாய் ஒன்றும் வைத்துவிட்டு, என்னோடு கதைக்காமல் போனீர்கள் என்று நேர்ஸ் சொன்னா. அதனால் எழுதுகிறேன்.

கண்ணகை தப்பிவிட்டாள். பிள்ளை இல்லை. ஆண்பிள்ளை. வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். அது நாங்கள் வீட்டிலிருந்து வெளிக்கிட முதலே போய்விட்டதாம். ஒரு நாள் ஆகியிருக்கும் என்று டொக்டர் சொன்னார். அதனால் சென்றியில் வைத்திருந்த நேரத்தையோ காரையோ நோக வேண்டாம். கண்ணகை இதைக் கேட்டுவிட்டு, "அப்ப நாம ஆரக் கொண்டு வந்தம் அம்மா?" என்றாள். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் வாய் திறக்கவில்லை.

வழியை நீங்கள் காணவில்லை, சொல்கிறேன். ஆனி கடைசியில் வரத்தான் இருந்தோம். அன்றிலிருந்து இரண்டு கிழமை செல் விழுந்தது. பன்னிரண்டாம் திகதி விடிந்ததும்தான் வெளிக்கிட முடிந்தது. தள்ளினதும் எஞ்சின் பிடித்தது. திரும்பிப் பார்க்கவில்லை. ஆச்சிப்பிள்ளை பின்னால் அவளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு குழிக்கும் கண்ணகை அம்மனைக் கூப்பிட்டாள். ஆறாவது மைலில் மாடுகள் குறுக்கே வந்தன. நிற்க முடியாதே. வயலுக்குள் இறக்கி, வரம்பில் ஏறி, மறுபடியும் றோட்டுக்கு வந்தேன். எப்படி வந்தேன் என்று தெரியாது.

றோட்டு மதகடியில் நிற்பாட்டிவிட்டுத் தள்ளினோம். முதல் சென்றியில் இருக்கைகளைக் கழற்றச் சொன்னார்கள். கண்ணகையை வெயிலில் தரையில் படுத்தி வைத்துக்கொண்டு கழற்றினோம். பிறகு மறுபடியும் தள்ளினோம். பாலத்தின் ஏற்றத்தில் ஆச்சிப்பிள்ளைக்கு இயலாமல் போய், கார் பின்னால் உருளத் தொடங்கியது. அப்போதுதான் பாலத்தின் மறுபக்கத்தில் இருந்து ஒரு ஆள் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு நடந்துவருவதைக் கண்டேன். ஆமிக்காரன் துவக்கை நீட்டிக்கொண்டு நின்றான். நீங்கள் நிற்காமல் வந்தீர்கள். வந்து தோளைக் கொடுத்தீர்கள். தாடி முழுக்க நரைத்துவிட்டது. முதலில் எனக்கு ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை.

பதினைந்து நாளாக அங்கே நின்றிருக்கிறீர்கள் என்று வான்காரன் சொன்னான்.

ஒன்று கேட்கிறேன். நான் என்னுடையதைச் சொல்லிவிட்டேன். அவர் எந்த இடத்தில் உங்களை விட்டுத் திரும்பினார்? எந்தப் பக்கமாகப் போனார்? அவரைத் தேட ஒரு திசையாவது எனக்குத் தெரிய வேண்டும்.

மங்கையற்கரசி


ஏறாவூர்
03.08.1993

தங்கச்சி மங்கையற்கரசிக்கு,

காரை என் கறாச்சுக்கு இழுத்துவந்து எஞ்சினை இறக்கினேன். தட்டு சக்கரத்தோடு ஒன்றாகிவிட்டது. உளி வைத்துத்தான் பிரித்தேன், பாதி சக்கரத்திலேயே ஒட்டிக்கொண்டது. எத்தனை தரம் இழுத்தாலும் அது விட்டிருக்காது. வல்லிபுரத்தில் பிழையில்லை என்று சொல்.

நீ கேட்டதற்கு வருகிறேன். இதை எழுத இரண்டு கிழமை போய்விட்டது.

இளையதம்பி திரும்பவில்லை. நான் சொன்னது பொய்.

அன்று அவன் வந்து கிளச்சைப் பற்றிச் சொன்னபோது நான் அவனுக்குப் பேசாத பேச்சில்லை. "பயந்தா பயம் எண்டு சொல்லுடா. என்ட கண்ணப் பாத்துச் சொல்லு" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கைறுன்னிஸாவைச் சைக்கிள் கரியரில் ஏற்றினான். அவவுக்கு முழங்கால் ஏலாது என்று உனக்குத் தெரியும். அவன் தள்ளிக்கொண்டு நடந்தான், நான் பெட்டியோடு பின்னால் நடந்தேன். வழி முழுக்க நான் அவனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

வட்டையைத் தாண்டி வாய்க்கால்கட்டில் ஏறினபோது நாலு பேர் நின்றார்கள். துவக்கோடு. யாரென்று எழுத மாட்டேன். இளையதம்பி சைக்கிளை என் கையில் தந்துவிட்டு அவர்களுக்கு முன்னால் போய் நின்றான். "இவங்க என்ட ஆக்கள். போக விடுங்க தம்பி" என்றான். அவர்கள் ஏதோ சொன்னார்கள். அவன் ஒருவனின் துவக்குக் குழலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஓடு மச்சான்" என்றான். நான் அவவை இறக்கி இழுத்துக்கொண்டு கட்டுக்கு அங்கால் சரிந்தேன். வெடி கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவன் மருதமரத்தடியில் ஒருக்களித்து விழுந்து கிடந்தான். அசையவில்லை. அடுத்த வெடி கைறுன்னிஸாவின் முதுகில் பட்டது. தோணிக்காரன் எங்களை ஏற்றும்வரை நான் அவனைத் திரும்பப் பார்க்கவில்லை.

தொண்ணூற்றோராம் ஆண்டு செஞ்சிலுவைக்காரர் கறாச்சுக்கு வந்து கேட்டார்கள். நீ மனுப் போட்டிருந்தாய். கடைசியாகக் கண்டவன் நான்தானே. "வழியில் திரும்பிவிட்டான், பிறகு தெரியாது" என்று கையெழுத்து வைத்தேன்.

ஏன் என்று கேட்பாய். விடிய எனக்குப் பொய் சொன்னவனும், ஒன்பது மணிக்கு எனக்காகச் செத்தவனும் ஒரே ஆள் என்று என்னால் கொள்ள முடியவில்லை. பொய் சொன்னவனை மட்டும் வைத்துக்கொண்டேன். அவன்மேல் கோபப்படலாம். மற்றவனை நினைத்தால் நான் எப்படி ஓடினேன் என்றும் நினைக்க வேண்டி வரும். நீ பொட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கிறாய் என்று மாஸ்டர் முன்னமே சொல்லியிருக்கிறார். காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். மறைக்கவில்லை.

உன் கடிதம் வந்த அன்றுதான் அவன் ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை என்று விளங்கியது. அதன் பிறகு ஆறு கிழமை நான் ஒரு வாகனத்திலும் கைவைக்கவில்லை.

இடம்: பெரிய வாய்க்கால்கட்டு, இரண்டாவது மதகு, மதகுக்குத் தெற்கே தனியாக நிற்கும் மருதமரம். வேறு மரம் கிட்ட இல்லை.

உன்னை நான் மன்னித்தேனா என்று எனக்கே தெரியாது. கைறுன்னிஸாவிடம் கேட்க வேண்டியது அது. நீ என்னை மன்னிக்கக் கேட்கவும் மாட்டேன்.

அசனார்


கன்னங்குடா
29.08.1993

அசனார் காக்காவுக்கு,

வாய்க்கால்கட்டு மதகடிக்குப் போனோம். நானும் வல்லிபுரமும். கண்ணகை தானும் வாறன் என்று எழும்பி வந்தாள். பிள்ளை போனதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான்.

பக்கத்து வயல்காரர் ஒரு முதியவர். மரத்தைக் காட்டிக் கேட்டதும் அவருக்கு விளங்கிவிட்டது. "ஓம் மனே, ஒருத்தர் கிடந்தார். நாய் கிட்டப் போகாம ரெண்டு நாள் பாத்தன். ஒருத்தரும் வரல்ல. நான்தான் மண் போட்டன்" என்றார். அவர் யாரிடமும் சொல்லவில்லை. எங்களிடமும் பெயர் சொல்லவில்லை. நீலக்கோடு போட்ட சாரன் என்றார். எங்கள் வீட்டுக்காரர் அன்று அதைத்தான் கட்டியிருந்தார்.

தோண்டவில்லை. இடத்தைச் சுற்றிக் கல் வைத்தோம். வீட்டுக்கு வந்து செய்ய வேண்டியதைச் செய்தோம். பொட்டை அழித்துவிட்டேன். மூன்று வருடத்தில் அன்றுதான் எனக்கு அழுகை வந்தது.

உங்கள் கடிதத்தை முதல் தரம் வாசித்தபோது உங்களைச் சபித்தேன். எழுதுகிறேன், தெரிந்திருக்கட்டும். மூன்று வருடம் வாசலைப் பார்க்க வைத்தீர்கள். பிறகு நான் உங்களுக்குச் செய்தது நினைவு வந்து சபிப்பதை நிறுத்தினேன். அவ்வளவுதான். அதற்கு மேல் என்னாலும் இப்போது ஏலாது.

காரை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். தட்டை மாற்றி ஓடச் செய்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களை ஏற்றுங்கள். எங்கள் பக்கத்து ஆக்களையும் ஏற்றுங்கள்.

போன வியாழன் மட்டக்களப்புக்குப் போய், செஞ்சிலுவைக் கந்தோரில் காணாமல் போனவர் பட்டியலில் இருந்து அவர் பெயரை வெட்டச் சொன்னேன். அங்கே இருந்த பிள்ளை, வெறும் வாய்ச்சொல்லுக்கு வெட்ட ஏலாது, கண்டவர் யாராவது சாட்சி சொல்ல வேண்டும் என்றாள். உங்கள் பெயரையும் கறாச் விலாசத்தையும் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதக் கடைசிக்குள் உங்களிடம் வருவார்கள். இந்த முறை கண்டதைச் சொல்லிக் கையெழுத்து வையுங்கள்.

மங்கையற்கரசி